வாகனம் வராத பாதைகள்

ஐரோப்பாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஓய்வு பெற்ற பின்னர் துவிச்சக்கர வண்டியில் நாடு சுற்றுவதையே ஒரு விரதம் போலக் கடைப்பிடித்து வருபவர். ஸ்பெயினையும் இத்தாலியையும் மிதித்துக் கடந்தாயிற்று. இனித் தாய்நாடுதான் என்றார். "அண்ணை, அடுத்த வருடம் ஹற்றன், நுவரெலியாப் பக்கம் சைக்கிளில் சுற்றப் போறன். லொறியும் பஸ்ஸும் வராத பாதையாய்ப் பார்த்து நாலைந்து சொல்லுங்கோ" என்பது அவருடைய வேண்டுகோள்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் அம்மலைகளில் பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற உரிமையில் அவர் என்னைக் கேட்டார். நானும் உடனே சில இடங்களைச் சொன்னேன். ஆனால் தொலைபேசியை வைத்த பின்னரும் 'வாகனம் வராத பாதை' என்ற அந்தச் சொற்றொடர் மனத்தை விட்டு அகலவில்லை. அதே சொற்களை நான் முன்னரும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சொன்ன குரல் வேறு. சொன்ன காரணமும் வேறு. அதனைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன், இப்பாதைகள் எவ்வாறு உருவாகின என்ற வரலாற்றைச் சற்றே நோக்குவது பயனுடையது.

மாட்டின் மூச்சே அளவுகோல்

மலையகத்தின் பிரதான வீதிகளில் சைக்கிள் ஓட்டுவது இன்பமான காரியமன்று. கண்டியிலிருந்து புஸ்ஸல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலும், அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக ஏறும் வீதியிலும் பேருந்துகளின் ஆட்சிதான். கொண்டை ஊசி வளைவுகளில் அவை திரும்பும் வேகம் உள்ளூர்வாசிகளையே கலங்கவைக்கும். ஆனால் இவ்வீதிகளை விட்டு ஏதேனும் ஒரு தோட்டத்தின் பெயர்ப்பலகை நிற்கும் கிளைவழியில் திரும்பினால், சில நூறு யார் தொலைவிலேயே வேறோர் உலகம் தொடங்கிவிடும். இருமருங்கும் தேயிலை. ஒரு பக்கம் கான், மறுபக்கம் கல்லுக்கட்டு. கொழுந்து ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரம் நாளில் சிலமுறை கடந்து போகும். மற்றைய நேரங்களில் காற்றின் ஒலியும் நீரின் ஒலியும்தான்.

இந்தத் தோட்டப் பாதைகளுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. அவை மலையை நேராக வெட்டி ஏறுவதில்லை. மலையின் மடிப்புகளோடு மடிந்து, ஓடை குறுக்கிடும் இடத்தில் உள்வாங்கி, முகட்டில் வெளிவந்து, மெல்ல மெல்ல உயரும். அரை மைல் தொலைவிலுள்ள லயத்தை அடைய இரண்டு மைல் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவேதான் தொழிலாளர்கள் தங்களுக்கென்று செங்குத்தான குறுக்குப் பாதைகளை வைத்திருக்கிறார்கள். பெரிய பாதைகள் பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகளுக்காக வெட்டப்பட்டவை. எருதின் மூச்சு எந்த அளவு சரிவைத் தாங்குமோ அந்த அளவே பாதையின் சரிவு. நூற்றாண்டு கடந்து இன்று மிதிவண்டி ஓட்டும் மனிதனின் காலுக்கு அதே சரிவு பொருந்திப் போகிறது.

கோப்பியும் வீதியும்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. மலைநாட்டைப் படைபலத்தால் மட்டும் ஆள முடியாது, வீதிகளால்தான் ஆள முடியும் என்பதை அவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேர்ட் பார்ண்ஸ் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியைப் பெருமுயற்சியோடு அமைத்தார். அவ்வீதியை வகுத்த கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. பதினாறு வயதில் அவ்வீதி வேலையில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், பின்னர் 1867இல் ஓய்வு பெறும்வரை இலங்கையின் வீதிகளை அமைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

இப்பெயர்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. மண்ணை வெட்டியவர்களின் பெயர்கள் இல்லை. தொடக்கத்தில் 'இராசகாரியம்' என்ற கட்டாய ஊழிய முறையின் கீழ்ச் சிங்களக் குடியானவர்களே வீதி வேலைக்கு இழுத்துவரப்பட்டார்கள். 1832இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்னர் 1848இல் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இயலாதவர்கள் பணம் செலுத்த வேண்டும் என்றது. அதே ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் அதுவும் ஒன்று. வீதி என்பது அன்றைய கண்டிய விவசாயிக்கு வசதியாக அன்றி ஒரு சுமையாகவே வந்து சேர்ந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பார்ண்ஸின் காலத்திலேயே, 1820களின் நடுப்பகுதியில், கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் வணிகமுறையில் கோப்பி பயிரிட்டார். அதனைத் தொடர்ந்து தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் வரவழைக்கப்பட்டார்கள். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே அவர்கள் புறப்பட்டார்கள். பாம்பனிலும் தொண்டியிலும் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். மலேரியாவும் வாந்திபேதியும் பசியும் அவ்வழியில் காத்திருந்தன. வீழ்ந்தவர்கள் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். மலையகத் தமிழரின் முதற் பாதை அதுதான். அதிலும் வாகனம் இருக்கவில்லை.

உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் முதல் வேலை கோப்பி பறிப்பதன்று. காடு வெட்டுவதும் பாதை வெட்டுவதுமே. பாதை இல்லாமல் கோப்பி மூட்டை கொழும்புக்குப் போகாது. அரிசி மூட்டை தோட்டத்துக்கு வராது. பொது வீதிகளை அமைத்த அரசின் பயனியர் படையிலும் காலப்போக்கில் தென்னிந்தியத் தொழிலாளரே பெருமளவில் இடம்பெற்றார்கள். ஆக, வெளி வீதியாயினும் உள் வீதியாயினும், மலைநாட்டின் வளைவுகள் ஒவ்வொன்றிலும் அந்த மக்களின் மண்வெட்டி பட்டிருக்கிறது.

1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. தோட்டத்துரைமார் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். 1867இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் ரெய்லர் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது. பாதைகள் மாறவில்லை. கோப்பிக்காக வெட்டிய வண்டிப் பாதைகளிலேயே தேயிலைப் பெட்டிகள் இறங்கின. இன்று லூல்கந்துரவுக்கு வரும் சுற்றுலாப் பயணி, தேயிலையைவிட மூத்த பாதைகளிலே நடந்து தேயிலையின் பிறப்பிடத்தைக் காண்கிறார் என்றால் அது மிகையன்று.

அடைத்து வைத்த வழிகள்

இப்பாதைகள் பொதுவழிகள் அல்ல, தோட்டத்தின் தனிச்சொத்து. பாதையில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்பதைத் தோட்டத்துரையே தீர்மானித்தார். தொழிலாளியின் உறவினரே ஆயினும் அந்நியர் எவரும் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால் அது அத்துமீறல் குற்றம். தொழிற்சங்கக்காரர்களும் பத்திரிகையாளர்களும் இக்காவலினால் பல்லாண்டுகள் தோட்ட எல்லைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

இந்த இடத்தில் கோ. நடேசய்யரை நினைவுகூராமல் இருக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த அந்தப் பத்திரிகையாளர், தோட்டங்களின் உண்மை நிலையைக் கண்ணால் காண விரும்பினார். நேர்வழியில் சென்றால் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே புடவை வியாபாரி வேடமிட்டு, துணி மூட்டையோடு தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயன்களில் மக்கள் வாழ்ந்த நிலையைப் பார்த்தார், எழுதினார். பின்னர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். பத்திரிகைத் தொழிலில் இருந்த எங்கள் தலைமுறைக்கு அவர் ஓர் ஆதர்சம். இன்று விளையாட்டு உடையணிந்த பயணி கையசைத்தவாறு எளிதாகக் கடந்து செல்லும் அதே வளைவுகளை, ஒரு தமிழ்ப் பத்திரிகையாளன் வேடமிட்டுத்தான் கடக்க வேண்டியிருந்தது.

மறைந்துபோன கோச்சி

நண்பருக்கு நான் முதலில் சொன்ன வழி ஒரு பழைய இருப்புப் பாதையின் தடம். கொழும்பிலிருந்து மலையேறிய பெரும் பாதை 1867இல் கண்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது; பதுளையைச் சென்றடைந்தது 1924இல்தான். நுவரெலியா நகருக்குள் அது நுழையவில்லை. அந்தக் குறையைப் போக்கவும், கந்தப்பளை, இராகலை, உடப்புஸ்ஸல்லாவைப் பகுதித் தோட்டங்களின் தேயிலையை இறக்கவும் நானுஓயாவிலிருந்து ஒரு சிறு இருப்புப் பாதை போடப்பட்டது. பெரும் பாதையின் தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி. இதன் இடைவெளி இரண்டரை அடி மட்டுமே. 1903இல் நுவரெலியாவையும் கந்தப்பளையையும், 1904இல் இராகலையையும் அது எட்டியது. மொத்த நீளம் ஏறக்குறைய 19 மைல்.

தோட்ட மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பார்கள். இச்சின்னக் கோச்சி நாற்பது ஆண்டுகளுக்குள்ளாகவே மூச்சிழந்தது. மோட்டார் லொறிகள் தோட்ட வாசலுக்கே வந்து தேயிலையை ஏற்றத் தொடங்கியதும் அதற்கு வருமானம் இல்லாமற் போயிற்று. 1940களில் போக்குவரத்து நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. தடத்தின் சில பகுதிகள் வீதியோடு கலந்துவிட்டன. வேறு சில பகுதிகள் தேயிலைச் செடிகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடையே ஒரு தழும்பைப் போலக் கிடக்கின்றன. தெரிந்தவர்கள் காட்டினால்தான் தெரியும்.

இவ்வகைத் தடங்களை மேலைநாடுகள் வீணாக்கவில்லை. இத்தாலியின் திரியெஸ்தே நகரையும் இன்றைய குரோசியாவின் பொரேச் நகரையும் இணைத்த பரென்சானா என்னும் சிறு இருப்புப் பாதை 1902இல் திறக்கப்பட்டு 1935இல் மூடப்பட்டது. நீளம் 123 கிலோமீட்டர். அதன் தண்டவாள இடைவெளி 760 மில்லிமீட்டர். நமது இராகலைக் கோச்சியினுடையது 762. ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே காலம், ஒரே விதி. ஆனால் பரென்சானா இன்று மூன்று நாடுகளை இணைக்கும் துவிச்சக்கர வண்டிப் பாதை. ஸ்பெயின் தேசம் 1993 முதல் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளைப் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் மீட்டு வருகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ மாநிலத்தில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமான பழைய தடம் 2000ஆம் ஆண்டு மிதிவண்டிக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வழிநெடுகிலுமுள்ள நலிந்துபோன சிற்றூர்கள் பயணிகளின் வரவால் புத்துயிர் பெற்றன. நானுஓயாவிலிருந்து இராகலை வரையிலான தடத்திலும் அவ்வாறு ஒன்றைச் செய்ய முடியும். முழுத் தடமும் கிட்டாது போனாலும், எஞ்சியிருக்கும் துண்டுகளைத் தோட்டப் பாதைகளால் இணைக்கலாம்.

இரண்டாவதாக நான் குறிப்பிட்டது ஹற்றனுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கு: டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் செல்லும் தோட்டப் பாதைகளில் சிவனொளிபாத மலை நாள் முழுவதும் கண்ணில் நின்றுகொண்டேயிருக்கும். 1960களில் நீர்மின் திட்டங்களுக்காக இப்பகுதியில் அணைகள் எழுந்தபோது பழைய பாதைகள் சில நீருக்குள் இறங்கிவிட்டன. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டும். கரையில் கூடும் முதியவர்கள், கடைவீதி எங்கே இருந்தது, தெரு எங்கே திரும்பியது என்று விரல்நீட்டிப் பேசிக்கொள்வார்கள்.

சனவரி முதல் மார்ச் வரையிலான காலம் இப்பள்ளத்தாக்குக்கு உகந்தது என்றும் நண்பருக்குச் சொன்னேன். மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மேற்குச் சரிவு முழுவதும் மழையும் மூடுபனியுமாகிவிடும். பாதை வழுக்கும், அட்டைகளும் விடமாட்டா.

நான் முன்னர் கேட்ட குரல்

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தொழிற்பிணக்கு பற்றிச் செய்தி சேகரிக்க ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பிரதான வீதியிலிருந்து மேற்பிரிவுக்கு நான்கு மைல். மழை விட்டிருந்த ஒரு மாலை. நான் ஏறிக்கொண்டிருந்த பாதையில் எதிரே நால்வர் இறங்கி வந்தார்கள். ஒரு நீண்ட தடி. அதில் தூளிபோலக் கட்டிய கம்பளி. அதற்குள் பிரசவ வேதனையில் ஒரு பெண். பின்னால் ஒரு முதியவர் குடையைப் பிடித்தவாறு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். என்ன ஏது என்று நான் கேட்டபோது அம்முதியவர் நிற்காமலே சொன்ன விடை இது: "என்னங்கய்யா செய்யிறது, இது வாகனம் வராத பாதைங்க."

அந்தப் பெண் பிழைத்தாரா என்பதை நான் அறியேன். மறுநாள் அதிகாலைப் புகையிரதத்தில் கொழும்பு திரும்பிவிட்டேன். தொழிற்பிணக்கைப் பற்றிய என் செய்தி வெளிவந்தது. கம்பளித் தூளியைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. செய்தி என்று எனக்கு அன்று தோன்றாததே காரணம். இத்தனை ஆண்டுகள் கழித்து அதனை இங்கே எழுதுகிறேன்.

அங்கே ஏன் வாகனம் வரவில்லை? மலை செங்குத்தானது என்பது விடையாகாது. கொழுந்து லொறி ஏறிய பாதைதான் அது. மழையில் பழுதுபட்ட பாதையை யார் திருத்துவது என்பதே கேள்வி. தோட்ட நிர்வாகம், கொழுந்து இறங்கத் தேவையான பகுதியை மட்டும் திருத்தும். லயன்களுக்குச் செல்லும் பகுதி அதற்கு வீண்செலவு. அரசிடம் கேட்டால், அது தோட்டத்துக்குள் இருக்கும் பாதை என்ற பதில் வரும்.

இந்தப் புறக்கணிப்புக்குச் சட்டமே துணைநின்றது என்பது பலருக்குத் தெரியாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்ட கதை அனைவரும் அறிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதன்பின் வந்த சட்டங்கள் என்று நீண்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அப்பிரச்சினை முடிவுக்கு வந்தது. ஆனால் வாக்குரிமை கிடைத்த பின்னரும் வீதி கிடைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். வேட்பாளராக நின்று வெற்றியும் பெறலாம். தான் வாழும் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு மதகைத் திருத்தச் சபையின் நிதியைப் பயன்படுத்த இயலாது. மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் நெடுங்காலம் போராடியதன் விளைவாக 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால்தான் அத்தடை நீங்கியது. முப்பத்தொரு ஆண்டுகள்! தடை நீங்கியதே தவிர, நிதி அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

ஆகவே, இன்று பயணிகள் வியந்து பாராட்டும் அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. வாகனங்களை வெளியே நிறுத்தி அமைதியைக் காத்த பாதைகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. அங்கே பாதைக்குப் பக்கத்திலேயே நல்ல வீதியும் இருக்கிறது. அவசரத்துக்கு நோயாளர் காவு வண்டி அவ்வீதியில் வரும். நமது மலைகளிலோ இருக்கும் ஒரே பாதை அதுதான். வாகனம் இல்லாத பாதை வேறு. வாகனம் வராத பாதை வேறு. முன்னதை விருப்பம் உண்டாக்குகிறது. பின்னதைப் புறக்கணிப்பு உண்டாக்குகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் குடும்பத்தில் ஓர் அங்கத்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் கிடைக்காதபோது கொழும்புவாசிகளும் சைக்கிளைத் தேடி அலைந்தார்கள். மலையகத் தோட்டங்களில் அன்றும் பெரும்பாலோர் நடந்தார்கள்; அதற்கு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சைக்கிள் வாங்குவது எளிதன்று. வாங்கினாலும் முதுகில் கூடையோடு செங்குத்தான மலையில் அதனால் பெரும் பயனில்லை. தாங்கள் வெட்டிய பாதையில் மிதிவண்டி ஓடுவதை அவர்கள் காண்பது பெரும்பாலும் வெளிநாட்டவரின் கால்களின் கீழ்த்தான்.

யாருடைய பாதை?

அண்மைக் காலத்தில் 'பீக்கோ ட்ரெயில்' என்ற பெயரில் ஒரு நெடும்பாதை உருவாகியிருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர வழியாக ஹற்றன் பக்கம் வந்து, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க அபிவிருத்தி நிறுவனத்தினதும் உதவி பெற்று உருவானது. முதன்மையாக நடப்போருக்கென வகுக்கப்பட்டதாயினும், அது தொடும் தோட்டப் பாதைகள் பல மிதிவண்டிக்கும் ஏற்றவை. பழைய வண்டிப் பாதைகளைப் புதிதாக வெட்டாமல் ஒன்றிணைத்திருப்பது அறிவார்ந்த செயல். அதனை நான் வரவேற்கிறேன்.

பீக்கோ என்பது தேயிலைத் தூளின் ஒரு தரத்தைக் குறிக்கும் பெயர். தேயிலைக்குப் பெயர் இருக்கிறது; பாதையை வெட்டியவர்களுக்கு இல்லை என்று ஒருவர் மனம் வருந்தினால் அதில் தவறில்லை. 2023இல் அதற்கு மாற்றாக மற்றொரு நடையையும் நாம் கண்டோம். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, முன்னோர் நடந்த அதே வழியில், யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நீரும் உணவும் கொடுத்து வரவேற்றார்கள். முன்னோர் வீழ்ந்து மடிந்த பாதையில் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். காணியும் வீடும் சம உரிமையும் அவர்களின் கோரிக்கைகள். ஒரு பாதை எவ்வாறு வரலாறாகப் பேச முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தது. மண்சரிவுகளில் பல உயிர்கள் பறிபோயின; வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டன. பிரதான வீதி உடைந்தால் அரசு இயந்திரங்களோடு வரும். உள்ளே இருக்கும் தோட்டப் பாதை உடைந்தால், அது யாருடைய பாதை என்ற பழைய கேள்வி மீண்டும் எழும். கானை வெட்டிச் சீராக வைத்திருந்தால் பாதை மட்டுமன்றி அதன் கீழிருக்கும் லயன்களும் காப்பாற்றப்படும் என்பதைத் தோட்டத்து முதியவர்கள் நன்கறிவார்கள். மழைநீர் எவ்வழி போகும் என்பது அவர்களுக்குப் பாட்டன் வழி வந்த அறிவு.

எனவே, இப்பாதைகளில் உலகம் வந்து நடக்கட்டும், மிதிவண்டி ஓட்டட்டும். அதற்கு நான் எதிரியல்லன். ஆனால் மூன்று காரியங்கள் அதனோடு சேர்ந்து நடைபெற வேண்டும். முதலாவது, பயணிகளுக்காகத் திறக்கப்படும் ஒவ்வொரு பாதையும் அங்கு வாழும் மக்களின் பொதுவழியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டு, நோயாளர் காவு வண்டி லயன் வாசல்வரை செல்லத்தக்கதாகப் பேணப்பட வேண்டும். அவசரத்துக்கு ஒரு வண்டி வந்து போவதால் எந்தப் பயணியின் அமைதியும் கெட்டுவிடாது. இரண்டாவது, வழிகாட்டிப் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, வழிகாட்டியாகவும், உணவு சமைப்பவராகவும், தங்குமிடம் நடத்துபவராகவும் அத்தோட்டத்துப் பிள்ளைகளே முன்னிற்க வேண்டும். லயன் அறையோ அதன் முன்னாலுள்ள மண்ணோ சொந்தமில்லாதவர் எவ்வாறு விருந்தினருக்கு விடுதி நடத்துவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காணியுரிமைப் பிரச்சினை சைக்கிள் பாதையிலும் வந்து நிற்கிறது என்பதே அதன் பொருள்.

நண்பருக்கு மறுபடி தொலைபேசியில் பேசினேன். நானுஓயா, கந்தப்பளை, இராகலை. பின் நோர்வூட், பொகவந்தலாவை என்று வழியை முடிவு செய்துகொண்டோம். கடைசியாக ஒரு வேண்டுகோளையும் முன்வைத்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும்போது, பக்கத்திலுள்ள கல்லுக்கட்டைச் சற்று நேரம் பார்க்குமாறு சொன்னேன். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்டு, எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கி நிற்கும் சுவர் அது. அதனை அடுக்கியவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் மேலேயுள்ள லயத்தில் இருப்பார்கள். ஏறிப்போய் ஒரு வார்த்தை தமிழில் பேசிவிட்டு வாருங்கள் என்றேன்.

"கட்டாயம் அண்ணை" என்றார் அவர். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன நடந்ததெண்டு நீங்கள் திரும்பிப் போய் விசாரிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

விசாரிக்கவில்லை.